பிடி விடாத பல்செட்

பல் ஆஸ்பத்திரியில் அவரைத் தூண்டில்காரர் என்பார்கள். பல்செட் வாயில் எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது என்று அளப்பது அவர் வேலை. மேல் செட்டின் நடுவில் சின்னக் கம்பி வளையம் ஒட்டி, அதில் வில்தராசின் கொக்கியை மாட்டிக் கீழே இழுப்பார். செட் கழலும்போது முள் எதைக் காட்டுகிறதோ அதுதான் பிடி. மூன்று முறை இழுத்துச் சராசரி எடுப்பார். கெட்டிக்காரர் என்று சொல்லமாட்டேன். முள் காட்டாததை எழுதமாட்டார், அவ்வளவுதான்.

"என்னண்ணே, மீன் சிக்குச்சா?" என்பாள் நர்ஸ்.

"எல்லாம் செத்த மீன்தாம்மா."

ஒரு காலை, மகள் ஒருத்தி தன் அம்மாவை அழைத்து வந்தாள்.

"பழசு நிக்கலைன்னு நீங்க எழுதினாத்தான் அம்மாவுக்குப் புதுசு கட்டுவாங்களாம் சார்."

வாய்க்குள் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார். அந்தத் தாடைக்குச் செட் பெரிது. "இது யாரோட செட்டும்மா?"

"அப்பாவோடது. ரெண்டு பேரும் ஒரே கிண்ணத் தண்ணியில போட்டு வைப்பாங்க. அப்பா தவறின அன்னிக்கு, அவசரத்துல அம்மாவோடதை அவர் வாயில வெச்சு அனுப்பிட்டேன்."

"சும்மா சொல்லக்கூடாது, சமத்துப் பொண்ணு" என்றாள் அம்மா. ஒவ்வொரு 'ச'விலும் மெல்லிய சீட்டி.

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது அப்பா சீட்டி சார். பக்கத்து ரூம்லேர்ந்து அம்மா கூப்பிட்டா அவர் கூப்பிடற மாதிரியே இருக்கு. அந்த வீட்டுல இனி என்னால இருக்க முடியாது."

முன்பல் இடைவெளியில் காற்றுப் புகுந்தால் சீட்டி வரத்தான் செய்யும். தூண்டில்காரருக்கு அதில் வியப்பில்லை. செட்டின் தகடும் அண்ணமும் பொருந்தி, நடுவில் எச்சில் பரவினால்தான் செட் ஒட்டும். ஆள் மாறியது நிற்காது. கொக்கி பட்டதுமே விழும் என்று நினைத்தார்.

விழவில்லை. முள் ஏறியது. நல்ல செட்டுகள் விடும் இடத்தையும் தாண்டியது. அம்மாவின் தலையே முன்னால் வந்தது. நெற்றியைத் தாங்கிப் பிடித்து இழுத்தார். முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றது. அம்மா வாயைத் திறந்தபடி இருந்தாள், நாக்கு அசையவில்லை. ஆனாலும் சீட்டி கேட்டது.

"நிக்கலைன்னு எப்படிம்மா எழுதுவேன்?" என்றார் தாழ்ந்த குரலில்.

மகள் அருகே வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வாய்க்குள் பார்த்தாள்.

"அப்பா, மாத்தி வெச்சது நான்தான். அம்மா என்ன பண்ணுவாங்க? விட்டுடுங்கப்பா."

செட் தூண்டில்காரரின் உள்ளங்கையில் விழுந்தது. முள் பூஜ்யத்துக்கு வந்தது. இவ்வளவு நேரம் வாய்க்குள் இருந்த தகட்டில் ஈரமே இல்லை.

இரண்டாம் முறை அவர் இழுக்கவில்லை. முள் நின்ற இடத்தைப் பார்த்துப் பூஜ்யம் என்று எழுதினார். மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெறும் ஈறோடு, சீட்டியில்லாத சொந்தக் குரலில் அம்மா கேட்டாள்: "அப்போ என்னோடது? அவர் வாயில அது இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்குமா?"

தூண்டில்காரர் செட்டில் ஒட்டிய வளையத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.