பொலிஸ் தங்கமான ஆக்கள்

டொல்மெச்சர் வேலை, அதாவது பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை என்பது அடுத்தவனுக்கு வாயை வாடகைக்கு விடுகிற தொழில். ஜெர்மன்காரனுக்கும் நம்மாளுக்கும் நடுவில் நின்று தொண்டை வறண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் நடுவில், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் இலங்கையிலிருந்து நம் சனம் வந்து இறங்கிய காலத்தில், படிக்கப் போன நான் இதில் மாட்டிக்கொண்டேன்.

ஸ்டேசன் வாசல்

முதல் அழைப்பு பொலிசிடமிருந்து வந்தது. ஹெரோயின் விற்பவர்களைத் தேடி ரயில் ஸ்டேசனில் ஆட்களை மறித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் நிறுத்தியிருந்த முகங்கள் எல்லாம் கறுப்பு. அதில் ஒருவர் மன்னார் அன்ரன், அசூல் என்கிற அகதித் தஞ்சம் கேட்டு அகதிகள் விடுதியில் இருப்பவர். கடைக்குப் போக அவர் ஸ்டேசனைத் தாண்ட வேண்டும். தாண்டும்போதெல்லாம் சட்டைப்பையைத் திருப்பிக் காட்ட வேண்டும்.

நாலடி தள்ளி இரண்டு வெள்ளைக்காரப் பொடியன்கள் பகிரங்கமாகக் கஞ்சா இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். பொலிஸ்காரர் கோபிக்கக்கூட இல்லை.

"அவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள்."

தேத்தண்ணிக்குப் பிறகு

யார் போதைப்பொருள் பாவிக்கிறார்கள், பொலிஸ் யாரை மறிக்கிறது என்று ஆராய, பல்கலைக்கழகத்திலிருந்து உர்சுலா வந்தார். நல்ல மனுசி. பெயர் எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அன்ரனின் அறையில் கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணியும் முட்டைப் பொரியலும் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் அவருடைய நாட்டைக் குறை சொல்கிற வழக்கம் நமக்கு உண்டா? அதுவும் கையில் பேனையோடு வந்தவரிடம்?

பொலிஸ் உங்களைச் சோதித்ததுண்டா என்று உர்சுலா கேட்டார். "அண்ணை, முந்தநாளும் மறிச்சவங்கள்தானே?" என்று நான் தமிழில் முணுமுணுத்தேன். அன்ரன் உர்சுலாவைப் பார்த்துச் சிரித்தபடியே எனக்குச் சொன்ன பதிலை நான் அப்படியே ஜெர்மனில் சொன்னேன். விடுதியில் இருந்த மற்றத் தமிழரும் பிறகு அன்ரனைப் போலவேதான் சொன்னார்கள்.

"அசூல் கேட்டு நிக்கிற நாங்கள் முறைப்பாடு சொல்ல ஏலுமே தம்பி? ஒருநாளும் மறிக்கேல்லை, பொலிஸ் தங்கமான ஆக்கள் எண்டு சொல்லுங்கோ."

மாணவர் விடுதி

அங்கிருந்து உர்சுலாவின் காரில் மாணவர் விடுதிக்குப் போனோம். நடைவழியிலேயே புகை நாறியது. என்னென்ன இழுத்தோம் என்று ஜெர்மன் மாணவர்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். தான் சொன்னது முழுப்பொய், இல்லையென்றால் கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்று ஒருவன் சமையலறையில் வைத்து என்னிடம் ஒப்புக்கொண்டான். நம்மவர்கள் பயத்தில் இல்லை என்கிறார்கள், இவர்கள் பெருமைக்கு ஓம் என்கிறார்கள். பொலிஸ் மறித்ததா என்று கேட்டதும் அவன் கண்ணை விரித்தான்.

"எங்களையா? எதற்கு?"

ஒடியல் மா

ஊரிலிருந்து வந்த ஒருவர் அன்ரனுக்கு ஒடியல் மா கொண்டுவந்து கொடுத்தார். கூழ் காய்ச்சும் ஆசையில் மனுசன் அந்தப் பொட்டலத்தோடு ஸ்டேசனைத் தாண்டினார். ஹெரோயின் என்று பிடித்துவிட்டார்கள். பொட்டலத்தைப் பறித்தபோது அவர் விடாமல் இழுத்திருக்கிறார். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா என்று பொலிஸ் நிலையத்தில் வாய் வலிக்க விளக்கினேன். மா வெறும் மாதான் என்று பரிசோதனையும் சொன்னது. ஆனால் இழுத்ததற்கு, பொலிசை எதிர்த்தார் என்று வழக்குப் போட்டார்கள். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால் அசூலுக்கும் ஆபத்து. மாதானே என்றேன் பொலிஸ்காரரிடம்.

"மா என்றால் ஏன் இழுத்தான்?"

நீதிமன்றம்

எந்நாளும் நிறத்தைப் பார்த்து மறித்ததால் வெறுத்துப்போன மனிதர் இவர் என்று அன்ரனின் சட்டத்தரணி வாதாடினார். அரசுத்தரப்பு உர்சுலாவின் ஆய்வையே எடுத்து வாசித்தது. அந்த விடுதியில் தமிழர் எவரையும் பொலிஸ் மறித்ததில்லை என்று அவர்கள் வாயாலேயே சொல்லியிருக்கிறார்கள். ஒருநாளும் மறிக்காதவரை அன்று மறித்தார்கள் என்றால் காரணம் இருந்திருக்கும் என்றது. அவர்கள் பயத்தில் சொன்னார்கள் என்று உர்சுலா எழுந்து கெஞ்சினார். அப்படியென்றால் உங்கள் ஆய்வில் எதைத்தான் நம்புவது என்று நீதிபதி கேட்டார். நான் கண்ணால் கண்டவன். ஆனால் டொல்மெச்சருக்குச் சொந்த வாய் கிடையாது. குற்றவாளி என்ற தீர்ப்பை நானே அன்ரனுக்குத் தமிழில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"மரியாதைக்குச் சொன்னதை உண்மையெண்டு நம்பிட்டாங்களே தம்பி."

அந்த நாட்டில் நான் டொல்மெச்சராக இருந்த காலம் முழுக்க, நம்மாள் சொன்னதை அவர்கள் மறுபேச்சில்லாமல் நம்பியது அந்த ஒரு தடவைதான்.