பதரோடு அளந்த நெல்

செங்கலடியில் எனக்கொரு அரிசி ஆலை. நெல்லின் ஈரத்தை அகச்சிவப்பு ஒளியால் அளந்து சொல்லும் கருவி வாங்க நினைத்தேன். விற்கும் பெண்ணிடம், கோயிலுக்குக் கொடுப்பதுபோலப் புடைத்துக் காயவைத்த நெல்லைக் கொண்டுபோனேன். மூன்று முறை அளந்தும் கருவி ஒரே அளவுதான் காட்டியது. வாங்கிவிடலாம் என்றேன்.

“வயல் வட்டையில இருந்து நெல்லு இப்பிடியா அண்ணன் வரும்?” என்று கேட்டவர், மறுநாள் கருவியோடு ஆலைக்கே வந்து, ஈரமும் பதருமாக இருந்த மூட்டைக்குள் கைவிட்டு அள்ளி அளந்தார். இப்போது ஒவ்வொரு தடவையும் வேறு அளவு. எனக்கு வெட்கமாகிவிட்டது.

“நெல்லுல பிழையில்ல. எங்கட மெஷின்ட கிண்ணம் சின்னன், ஒரு பிடி நெல்லத்தான் பாக்கும். பெரிய கிண்ணம் சுழண்டு அளக்கிற மெஷின் வேற கொம்பனியில இருக்கு. அத வாங்குங்க.”

அதைத்தான் வாங்கினேன். விற்க வந்தவர் தன் கருவியின் குறையையே சொல்லிவிட்டுப் போனார். வாங்கப்போன நானோ, என் பதரைக்கூட அவருக்குக் காட்டவில்லை.