வாசலுக்கு வந்த நாகலெட்சுமி

நுவரெலியாவில் ஓர் ஓட்டலின் துணி வெளுக்கும் லோண்டரியில் நாகலெட்சுமி வேலைக்குச் சேர்ந்தது எழுபத்திரண்டில். அப்போது வயது பதினாறு. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலி ஆட்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தான். ஆனால் ஒருநாளும் கொழுந்து எடுத்ததில்லை. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியும் முன்பே சித்தப்பா இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார். சித்தியின் வாய்க்குப் பயந்துதான் என்று லயத்தில் பேச்சு. இருக்கலாம்.

அந்த ஓட்டலில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. தோட்டத்து ஆட்களுக்குத் துணி, விறகு, பாத்திரம், எல்லாம் பின்கட்டோடு சரி. மாடிக்குப் படுக்கை விரிப்புக் கொண்டுபோனால் பின்படி வழியாக, பொட்டை அழித்துவிட்டுப் போக வேண்டும். முதல் வருஷம் அழித்து அழித்து ஏறினாள். பிறகு வைப்பதையே விட்டுவிட்டாள்.

சலவைச் சோடாத் தண்ணீரில் விரல் வெந்துகொண்டிருந்த பன்னிரண்டு வருஷமும் அவள் ஆசைப்பட்டது டைனிங் ஹால் வேலைக்குத்தான். அங்கே பரிமாறிய ஒரே தமிழர் லியனார்ட். வேதக்கோயில் பள்ளிக்கூடத்து இங்கிலீசால் உள்ளே போனவர். எந்தப் பக்கம் கத்தி, எந்தப் பக்கம் முள்ளு, தட்டை எப்படி எடுப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இருவருக்கும் தொடுப்பு என்று லோண்டரி டோரீன் ஊரெல்லாம் பரப்பினாள். பாவம் டோரீன், அப்படி ஒன்றும் இல்லை.

எண்பத்து நான்கு ஏப்ரல் சீசனுக்குப் புது மேனேஜர் வந்தார். இனிமேல் இங்கே வேற்றுமை கிடையாது, தோட்டத்து ஆட்களும் முன்பக்கம் வரலாம் என்று சிங்களத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். மறுநாளே நாகலெட்சுமியைக் கூப்பிட்டார். அவள் வெள்ளைச் சேலையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனாள்.

"பொட்டு எங்க? பெருசா வை. மூக்குத்தியும் போடு," என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

"டைனிங் ஹாலுக்குங்களாய்யா?"

"வாசலுக்கு."

மேசைமேல் ஒரு கொழுந்துக் கூடை இருந்தது.

அதை எப்படி மாட்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. தோளில் போட்டாள், வழுக்கியது. விறகுக்கார மாயாண்டிதான் கயிற்றைத் தலையில் ஏற்றிவிட்டார்.

"நல்லா வந்த புள்ள. தோட்டத்த விட்டு ஓடியாந்து, கூடைய ஓட்டல்ல மாட்டுற."

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். பறித்துக் காட்டச் சொன்னார்கள். அங்கே ஏது தேயிலைச் செடி? வேலிச்செடியின் நுனியைக் கிள்ளிக் கிள்ளிக் கூடையில் போட்டாள். படம் பிடித்தார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தாள், வரவேயில்லை.

சீசன் முடிந்தபோது டைனிங் ஹாலில் ஓர் இடம் காலியானது. வாய்விட்டே கேட்டாள்.

"தட்டு தூக்க நூறு பேர் வருவான்," என்றார் மேனேஜர். "உன்ன மாதிரி அசல் கொழுந்துக்காரி எங்க கிடைக்கும்?"

"சரிங்கய்யா," என்றாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தபோது லியனார்ட் பக்கத்தில் வந்தார்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"கறி ஆறிப்போச்சுண்ணே. சாப்பிடுங்க," என்று சட்டியை அவர் பக்கம் தள்ளினாள். ரெண்டு மணிக்கு ஒரு பஸ் நிறைய வெள்ளைக்காரர்கள் வரவிருந்தார்கள். கையைக் கழுவிவிட்டு வாசலுக்குப் போனாள்.