வாய்க்கு நேரே ஒரு குழாய்

சாலையோரப் புல்லில் அவளைத் தூக்கி உட்கார வைத்தபோது, சைக்கிள் சட்டத்தில் மாட்டியிருந்த தண்ணீர் பாட்டில் கழுத்து வரை நிறைந்திருந்தது. சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருந்த இரண்டில் ஒன்று வேகத்தடையில் எகிறி எங்கோ புதருக்குள் போய்விட்டது. இன்னொன்றின் மூடியைக்கூட அவள் திறந்திருக்கவில்லை.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன் பின் ஒன்றாக முடிக்கவேண்டிய ட்ரையத்லான் போட்டி அது. தன் வயதுப் பெண்களில் முதல் ஆளாகத் தண்ணீரிலிருந்து ஏறியவள், சைக்கிள் பாதையில் பாதி தூரம் போனதும் கண் இருட்டிச் சரிந்தாள்.

மருத்துவக் கூடாரத்தில் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா கேட்டார்.

"சைக்கிள்ல எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

"பாட்டில் விழுந்துடுச்சு டாக்டர்."

"விழாதது ரெண்டு இருந்துச்சாமே?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே நின்ற தம்பியைப் பார்த்ததும் கத்தினாள். "நீ மாட்டிக் குடுத்த லட்சணம்டா இது! ஒரு மேடு வந்தா தாங்காத ஸ்டாண்டு!"

அவளுக்கு டிப்போவில் 'ஹாரன்' என்று பெயர். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். குரலும் அப்படி, கோபமும் அப்படி. பள்ளி நாட்களில் நீச்சலில் கெட்டிக்காரி. கல்யாணம், பிள்ளைகள், ஸ்டியரிங் என்று அது அமுங்கிப் போயிருந்தது. பந்தய சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த தம்பி முட்டியைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "சும்மா துருப்பிடிக்குது, ஓட்டிப் பாருக்கா" என்று கொண்டுவந்து விட்டான். ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் அவன் கேட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த போட்டிக்கு எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்பதுதான் சில வாரங்களாக அந்த வீட்டில் பேச்சு. தம்பி சாப்பாட்டு மேசை முழுக்கச் சாமான்களைப் பரப்பினான். தட்டு வைக்க இடமில்லாமல் அவள் புருஷன் மடியில் வைத்துச் சாப்பிட்டார்.

"பின்னாடி வெச்சா காத்து தடுக்காதுக்கா. ரோடு மோசமா இருந்தா மட்டும்தான் எகிறும். அதுக்கு இறுக்கமான ஸ்டாண்டு இருக்கு."

"கையைப் பின்னாடி விட்டுத் துழாவணும். வேற?"

"கீழ, சட்டத்துல மாட்டலாம். ஆனா நீ முன்கையை ஊன்றிப் படுத்து ஓட்டுறவ. ஒவ்வொரு தடவையும் எழுந்து, குனிஞ்சு, எடுத்து..."

"இது?" ஒரு நீளமான பாட்டிலை எடுத்தாள். அதன் தலையிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு கைக்கும் நடுவுல முன்னாடி கட்டுறது. குழாய் நேரா வாய்க்கு வரும். ஆனா ஆட்டம் இருந்தா மூஞ்சியில தெளிக்கும். கழுவுறதும் தொல்லை."

"அப்ப வேண்டாம். பின்னாடியே இறுக்கமா மாட்டு."

மாட்டினான். அவள் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து ஓட்டிவிட்டு வந்தாள். ஒரு பாட்டிலும் விழவில்லை. ஆனால் இரவில் தலைவலி மண்டையைப் பிளந்தது. வாய் கொடுத்தவர்களையெல்லாம் கடித்துக் குதறினாள். ஒருநாள் தம்பி சைக்கிளைத் துடைக்க வந்தவன், பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, ஸ்டாண்டு மேல தப்பில்லை. நீ குடிக்கவே இல்லை."

"தாகம் எடுத்தா குடிக்க மாட்டேனா? எடுக்கல!"

"இந்த வெயில்ல இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்து எப்படிக்கா எடுக்காது?"

"எடுக்காதுன்னா எடுக்காதுடா! பஸ்ஸுல ஏறினா இறங்கற வரைக்கும் நான் குடிக்கிறதில்லை. வருஷக்கணக்கா அப்படித்தான். குடிச்சா எங்க போறது? நீ சொல்லு, எங்க போறது?"

தம்பிக்குப் புரியவில்லை. கைகழுவிக்கொண்டிருந்த புருஷன்தான் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

டிப்போவில் ஆண்களுக்குக் கழிப்பறை இருந்தது. அது அடைத்துக்கொண்டால் சுவரோரம் இருந்தது. பெண்களுக்கென்று கட்டிய அறைக்குப் பூட்டு போட்டு உள்ளே பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே மூத்த ஓட்டுநர் ஒருத்தி காதோடு சொல்லிக்கொடுத்தாள்: காலையில் ஒரு வாய், சாப்பாட்டோடு ஒரு வாய், அவ்வளவுதான். முதல் சில மாதங்கள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு அதுவும் பழகிவிட்டது. நீர்க்கடுப்பு வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி எடுத்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்றுதான் அதை வாய்விட்டுச் சொல்கிறாள். பசி, தூக்கம் மாதிரி கூடப் பிறந்த தாகத்தை டயர் அடுக்குவதற்காகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவளும் வாயை மூடிக்கொண்டு, ஊருக்கெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு, இந்த ஒன்றுக்கு மட்டும் ஊமையாக இருந்திருக்கிறாள்.

"அந்தக் குழாய் வெச்சதை எடு," என்றாள்.

"தெளிக்கும்னு சொன்னேனேக்கா..."

"தெளிக்கட்டும். தாகம் எடுத்தாத்தான் குடிப்பேன்னா நான் செத்தாலும் குடிக்க மாட்டேன். மூக்குக்கு முன்னாடி வந்து நிக்கணும். பார்த்த போதெல்லாம் எரிச்சல் வரணும்."

முன்கை ஊன்றும் இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் அதைப் பட்டை போட்டு இறுக்கினான். அவளைச் சைக்கிளில் படுக்க வைத்து, தலை திருப்பாமலே உதடு தொடுகிற அளவுக்குக் குழாயை வெட்டினான். தெளிக்காமலிருக்க மூடியின் வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்சை அடைத்தான். சட்டத்தில் சாதாரண பாட்டில் ஒன்று, முன்னால் தீர்ந்ததும் ஊற்றிக்கொள்ள. பின்னால் ஒன்றுமில்லை. "காத்துல கொஞ்சம் நேரம் போகும்," என்று முனகினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் பகலெல்லாம் காய்ந்து கிடக்கிற உடம்புக்கு மாலையில் மட்டும் குழாய் வைத்து என்ன செய்வது? அடுத்த வாரம் பஸ்ஸிலும் ஒரு பெரிய பாட்டிலை வைத்துக்கொண்டு, சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் குடித்தாள். டிப்போவில் வண்டியை விட்டு இறங்கியபோது அவளால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், லேடீஸ் டாய்லெட் சாவி வேணும்."

"அதுல டயர் இருக்கும்மா."

"தெரியும் சார். சாவி குடுங்க."

"இத்தனை வருஷமா எல்லாரும் சமாளிக்கலையா? உங்களுக்கு மட்டும் என்ன புதுசா?" என்று சிரித்தார் அவர். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. இல்லை, காரியத்தை நடத்தியது. சுவரில் மாட்டியிருந்த சாவியைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்து, தூசியும் எலிப்புழுக்கையுமாகக் கிடந்த முதல் டயரை வெளியே உருட்டினாள். அது முற்றத்தைத் தாண்டிப் போய் மேலாளர் அறைக் கதவில் மோதி விழுந்தது. இரண்டாவதையும் உருட்டினாள். டிப்போ வாசலில் அவள் வண்டிக்காகக் காத்திருந்த பயணிகள் கூச்சல் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண் ஓட்டுநர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். அப்புறம் டிக்கெட் கொடுக்கிற பெண்கள் வந்தார்கள். காதோடு சொல்லிக்கொடுத்த அந்த மூத்தவளும் வந்தாள். இடுப்பு வலியோடு டயரைத் தள்ளினாள்.

"என்னம்மா ரௌடித்தனம் இது!" என்று உள்ளேயிருந்து மேலாளர் கத்தினார். கதவு முன்னால் குவிந்த டயர்களால் அவரால் வெளியே வர முடியவில்லை.

"சமாளிங்க சார்!" என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே சஸ்பெண்டு ஆர்டர் வந்தது. வேலையில்லாத அந்த நாட்களில் அவள் வாழ்க்கையில் என்றுமில்லாதபடி பயிற்சி செய்தாள். டயர்களை மறுபடி உள்ளே அடுக்க ஒருவரும் முன்வரவில்லை. ஆண் ஓட்டுநர்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம். கடைசியில் ஒரு லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது.

போட்டியில் குழாய் அவள் முகத்தில் தெளிக்கத்தான் செய்தது. ஒவ்வொரு மேட்டிலும் திட்டிக்கொண்டே உறிஞ்சினாள். கீழிருந்த பாட்டிலையும் ஊற்றித் தீர்த்தாள். சைக்கிளை விட்டு ஓட ஆரம்பித்து, நல்ல இடத்தில் போய்க்கொண்டிருந்தவள், பாதையோரக் கழிப்பறையைக் கண்டதும் சட்டென்று ஒதுங்கினாள். கயிற்றுக்கு வெளியே நின்ற தம்பி தலையில் கைவைத்தான்.

"அக்கா! நிக்காதேக்கா! மூணாவது இடம் போயிடும்! முடிச்சுட்டுப் போலாம்!"

"இன்னொரு தடவை அடக்கச் சொன்னா உன்னைக் கொன்னுடுவேன்டா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பக்கத்தில் வரிசையில் நின்ற பெண்ணொருத்தி கைதட்டினாள்.

மூன்றாவது இடம் போய்விட்டது. தன் வயதில் ஏழாவதாக, சொந்தக் காலில் ஓடியே, முடிவுக் கோட்டைத் தாண்டினாள். தம்பி இழந்த நேரத்தை வீடு போய்ச் சேரும் வரை புலம்பினான். புருஷன் வண்டி ஓட்டிக்கொண்டே அவனை வாயை மூடச் சொன்னார்.

வேலை திரும்பக் கிடைத்தது, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் பதவி உயர்வு தடைபடாது என்ற நிபந்தனையோடு. அவள் எழுதவில்லை. அவள்மேல் விசாரணை இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் விசாரணை அறைக்குப் போய் உட்கார்ந்து, எதிரே மேசையில் இருக்கிற அதிகாரியின் டம்ளர் தண்ணீரைக் கேட்காமலே எடுத்துக் குடித்துவிட்டு, "கேளுங்க" என்கிறாள்.