எஞ்சின் துப்பிய பட்டு

போன வாரம் மகனின் காரில் போத்தனூர்ப் பக்கம் ரயில்வே கேட்டில் காத்துக்கிடந்தோம். கரண்டு எஞ்சின்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகிற இந்தக் காலத்திலும் கூட்ஸ் பெட்டிகளை இழுக்க அங்கே ஒரு கிழட்டு டீசல் எஞ்சின் இருக்கிறது. அது குப்பென்று கரும்புகை விட்டு, மகனின் வெள்ளைக் கார்மேல் பொட்டுப் பொட்டாக எண்ணெயைத் துப்பிவிட்டுப் போனது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எனக்கு வவுறு எரியுது, உங்களுக்குச் சிரிப்பா இருக்குதுங்களா?" என்றான்.

அவனுக்குச் சொன்ன கதைதான் இது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீடு கூட்ஸ் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. வேறெங்கோ ஓடி ஓய்ந்த ஒரு டீசல் எஞ்சினைப் பெட்டி தள்ளட்டும் என்று எங்கள் பக்கம் அனுப்பியிருந்தார்கள். அணைத்தால் மறுபடி உயிர் வருமோ வராதோ என்று டிரைவர் அதை அணைக்கவே மாட்டார். நாளெல்லாம் உறுமிக்கொண்டு நிற்கும். அப்படி நிற்கையில் புகைக்குழாயில் எண்ணெய் சேர்ந்துவிடும். கிளம்பும்போது முதல் இழுப்பில் அத்தனையையும் துப்பும். டிரைவர் நல்ல மனுஷர். கிளம்பும் முன் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். கேட்டதும் எங்கள் வரிசைப் பெண்கள் ஓடிப்போய்க் கொடியில் கிடக்கும் துணியை அள்ளுவார்கள். அடுப்பில் பால் பொங்கினாலும் துணிதான் முதலில். ஒருமுறை பக்கத்து வீட்டு அக்கா அவசரத்தில் என் அப்பாவின் வேட்டியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய், அவர் துண்டோடு... சரி, பேத்தி முறைக்கிறாள்.

அப்போது அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். மில் வேலைக்குப் போவாள். வரும்போது எனக்கு எள்ளுமிட்டாய் வாங்கி வருவாள். அவளை அப்பாவின் பெரியப்பா மகனுக்குக் கட்டிவைப்பதென்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ஊர் வெள்ளகோவில். மனைவி தவறியவர். அவருடைய மூத்த மகன் சித்தியைவிட உயரம். சித்தி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா ஒருநாள் மட்டும் கேட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, கொஞ்சம் யோசிச்சுச் செய்யலாமுங்களா?"

"யோசிச்சுப்போட்டுத்தான் சொன்னேன்" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

பெண் பார்க்க வரும் நாளில் அம்மா தன் கல்யாணப் பட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். சந்தன நிறம். தங்கைக்குக் கட்டிவிடத்தான். பாச்சை உருண்டை வாசம் போக வெயிலில் போட வேண்டும் என்று என்னிடம் கொடுத்தாள்.

"தண்டவாளத்துப் பக்கக் கொடியில போடு அம்மிணி."

"அங்க எஞ்சின் நிக்குதுங்மா. காத்தால இருந்தே நிக்குது."

"நின்னா நிக்கட்டும். அங்கதான் வெயில் நல்லா உளுவுது."

போட்டுவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஹாரன். நான் பாய்ந்து எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எங்க ஓடறே? இந்தத் தேங்காயத் துருவு."

"அம்மா, பொடவை!"

"சித்தி எடுத்துக்குவா."

சித்தியோ உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தாள். வெளியே எஞ்சின் ஒரு உறுமு உறுமியது. நான் தேங்காயைப் போட்டுவிட்டு ஓடிப் பார்த்தபோது பட்டு முழுக்கக் கருப்புப் பொட்டு. அந்த நேரத்துக்குத்தானா பஸ் இறங்கி மாப்பிள்ளை வீட்டாரும் வாசலுக்கு வர வேண்டும்! மாப்பிள்ளையின் அம்மா பூனை குறுக்கே போனால் பயணத்தையே விடுகிறவர். கொடியைப் பார்த்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"பொண்ணு கட்டற பட்டுங்களா இது?"

"ஆமாங்கத்தை" என்றாள் அம்மா, பாவமாக.

"கருப்பு உளுந்துபோச்சே! வேண்டாஞ்சாமி. ஒருத்திய வாரிக் குடுத்தது போதும்."

காப்பிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அப்பா என்மேல் கையை ஓங்கினார்.

"புள்ளைய ஏனுங்க அடிக்கறீங்க? போடச் சொன்னது நானு" என்று அம்மா குறுக்கே வந்து நின்றாள். அப்பா அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தன் கல்யாணப் புடவை போனதற்கு அம்மா அழுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அதைத் துவைக்கக்கூட இல்லை. மடித்துப் பெட்டியில் வைத்தாள். சித்தி அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். சாயங்காலம் எஞ்சின் திரும்பி வந்து நின்றதும், விருந்தாளிகள் தொடாத கச்சாயத்தை ஒரு தூக்கில் அடுக்கி அம்மா என்னிடம் நீட்டினாள்.

"எஞ்சின் டிரைவருக்குக் குடுத்துட்டு வா கண்ணு."

பட்டைப் பாழாக்கிய ஆளுக்குப் பலகாரமா? எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வழியில் இரண்டை நானே தின்றுவிட்டேன். டிரைவர் எஞ்சினிலிருந்து இறங்கி வந்து வாங்கிக்கொண்டார்.

"வீட்டுல என்ன விசேஷம் பாப்பா?"

"சித்தி கல்யாணம் நின்னுபோச்சுங்க. உங்க எஞ்சின் துப்புனதாலதான்."

வாய்க்குக் கொண்டுபோன கச்சாயத்தை அவர் மெல்லத் தூக்கிலேயே வைத்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார், எங்கள் வீட்டைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் இருவரும் அந்தப் பலகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.