ஸ்டெல்லா நிரப்பிய கட்டங்கள்

தரவுப் பதிவு என்பது, பிறர் எழுதியதை எழுதியபடியே கணினியில் ஏற்றிவிட்டு, நமது சொந்த அறிவை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட வேண்டிய தொழில். அதைப் பிறருக்குப் பழக்குவதும், பழகினார்களா என்று மதிப்பிடுவதும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடியறையில் எனக்கு வாய்த்த வேலை. தட்டச்சையும் கணினியையும் எவரிடமும் பயிலாமல் நானாகவே கற்றவன் என்பதை ஒவ்வோர் அணிக்கும் முதல் நாளிலேயே சொல்லிவிடுவேன். இதே தொழிலில் அவதியுறும் அன்பர்கள், பின்வருவனவற்றை வாசித்துப் பெருமூச்செறிய முழு உரிமையும் உடையவர்கள்.

பக்கத்து வீட்டுத் தொலைபேசி

இம்முறை வந்த பயிலுநர்களில் ஸ்டெல்லாவுக்கு வயது நாற்பத்து மூன்று, கொட்டாஞ்சேனைவாசி. துறைமுகத்தில் வேலை செய்த கணவர், முதுகில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். எங்கள் சான்றிதழைக் கொண்டுவந்தால் வேலை தருவதாக ஒரு கப்பல் முகவர் நிலையம் ஸ்டெல்லாவிடம் சொல்லியிருந்தது. நூறு படிவங்களில் மூன்று பிழைகள் வரை மன்னிக்கப்படும்; நான்காவது பிழை வந்தால் சான்றிதழ் இல்லை.

பயிற்சிக்கென நான் வைத்திருந்தவை, கொட்டாஞ்சேனையில் எப்போதோ கலைக்கப்பட்ட ஒரு மரண உதவிச் சங்கத்தின் பழைய அங்கத்துவப் படிவங்கள். ஒரு படிவத்தில் தொலைபேசி எண்ணுக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. ஸ்டெல்லாவின் திரையிலோ பத்து இலக்கங்களும் வரிசையாக நின்றன. எங்கிருந்து வந்தன என்று வினவினேன்.

"இது எங்கட ரீட்டா அக்கா சேர், பக்கத்து வீடு. நம்பர் எழுத மறந்திட்டா போல. நான் என்ட போன்ல பார்த்துப் போட்டேன்."

உயிரோடு இருப்பவர்கள்

வெற்றுக் கட்டத்தை வெறுமையாகவே விட வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவரும் தலையாட்டினார். முதலாம் மதிப்பீட்டில் வெற்றுக் கட்டம் எதையும் அவர் தொடவில்லை என்பது உண்மை. நிரம்பிய கட்டங்களைத் திருத்தியிருந்தார். வீடு மாறியவர்களுக்குப் புதிய முகவரி கிடைத்திருந்தது. தச்சர் ஒருவரின் தொழில் 'காலமானார்' என்று மாறியிருந்தது. மொத்தம் பதினொரு பிழைகள். என்னோடு மதிப்பிடும் பரீத், "சேர், இவ அடிக்கிறது படிவமில்ல, கொட்டாஞ்சேன வரலாறு" என்று சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்தத் தச்சரைப் பற்றி மட்டும் ஸ்டெல்லாவிடம் விளக்கம் கேட்டேன். அவர் சற்றே கோபித்துக்கொண்டார்.

"அவர்ட செத்த வீட்டுல பிளேன்டீ ஊத்தினதே நான்தான் சேர். அந்த மனுசன் இன்னும் மர வேலை செய்றார்னு எப்பிடி அடிக்கிறது?"

தெரியாத ஆட்கள்

இரண்டாவது மதிப்பீடே இறுதியானது. அதிலும் தவறினால் வேலை கைவிட்டுப் போகும். "அவவுக்குத் தெரியாத ஆக்கள்ட படிவத்தக் குடுங்க சேர். அப்ப என்ன செய்ய ஏலும்?" என்றார் பரீத். ஆகவே, வெள்ளவத்தையில் முன்பு இயங்கிய வாசகர் வட்டமொன்று, கலைந்தபோது என்னிடம் விட்டுச்சென்ற படிவக் கட்டொன்றை என் வீட்டு அலுமாரியிலிருந்து எடுத்து வந்தேன். அதைப் பிரித்துப் பார்க்கும் தெம்பு என்னிடம் இருக்கவில்லை. சனிக்கிழமை காலை ஸ்டெல்லா முதல் சில தாள்களைப் புரட்டிவிட்டு, முகம் வாடி நிமிர்ந்தார்.

"ஒருத்தரையும் தெரியாது சேர். ஆரோ ஒருத்தர்ட வீட்டுல போய் உக்காந்த மாதிரி இருக்கு."

எழுபத்தாறாவது படிவம்

நானும் பரீத்தும் மூலப் படிவங்களோடு ஒப்பிட்டு வந்தோம். அறுபதுக்குள் மூன்று பிழைகள் முடிந்துவிட்டன. மூன்றும் விரல் வழுக்கியவை. எழுபத்தாறாவது படிவத்தைப் பரீத் என் முன்னே நகர்த்தினார். அது என் கையெழுத்து. வாசகர் வட்டத்தில் சேர நான் நிரப்பிய படிவம் அந்தக் கட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. பெயர் இருந்தது, முகவரி இருந்தது. 'கல்வித் தகைமை' என்ற கட்டத்தில் மட்டும் எதுவும் இல்லை. எழுத ஒரு பள்ளிச் சான்றிதழும் இல்லாமல், அன்று பேனாவை அதன் மேல் நெடுநேரம் பிடித்திருந்துவிட்டு எடுத்தது நினைவுக்கு வந்தது.

அங்கே ஸ்டெல்லா ஒரு சொல்லைச் சேர்த்திருந்தாலும் நான்காவது பிழை. பரீத் திரையை என் பக்கம் திருப்பினார். கட்டம் வெறுமையாகவே இருந்தது. எஞ்சிய இருபத்து நான்கிலும் பிழை இல்லை.

சான்றிதழில் ஒப்பமிட்டுக் கொடுக்கும்போது, எழுபத்தாறாவது படிவத்தைக் கவனித்தாரா என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டெல்லா சொன்னார்:

"கண்டேன் சேர், உங்கட பேர். அதுல மட்டும் கை கொஞ்ச நேரம் நிண்டுச்சு. மனசுக்குள்ள ரெண்டு மூணு தரம் நிரப்பிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனேன்."

வெற்றுக் கட்டத்தை வெறுமையாக விடுவதே இத்தொழிலின் முழு அறிவு என்று இத்தனை காலமும் கற்பித்து வந்த நான், அந்தப் பாடத்தை ஒருவர் இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டாரே என்று முதன்முறையாகச் சற்றே வருந்தினேன்.