நான் எழுதிக்கொடுத்த சமாதானக் கடிதம்

தொண்ணூற்றிரண்டோ தொண்ணூற்று மூன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. ஆனி மாதம் என்பது மட்டும் நிச்சயம். ராஜபாளையம் முழுக்க மாம்பழ வாசனையாக இருந்த சமயம். அப்போது நான் அங்கே சின்னதாக ஓர் அச்சகம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் அடிக்கிற தொழில். அந்த வருஷம்தான் பழைய ஃபியட் கார் ஒன்றை வாங்கியிருந்தேன். கார் வந்ததும் என் நடையே மாறிவிட்டது என்று மனைவி கேலி செய்வாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில் பத்திரிகைக் கட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் ஸ்டாப்பில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி நிற்பதைப் பார்த்தேன். முப்பது வயசிருக்கும். ஸ்பின்னிங் மில்லில் ரீலிங் பிரிவில் வேலை. நூலைச் சிட்டமாகச் சுற்றும் மிஷின் முன்னால் எட்டு மணி நேரமும் நின்றபடியே பார்க்க வேண்டிய வேலை அது. தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுக் கிளம்பியிருந்தாள். "ஏறு தாயி, வீட்டுல எறக்கி விட்டுர்றேன்" என்றேன். கூச்சப்பட்டுக்கொண்டே பின் சீட்டில் இடது ஓரமாக உட்கார்ந்தாள்.

பாதி வழியில், தோப்புக்குள்ளிருந்து வரும் மண் பாதையில் மாங்காய் ஏற்றிய டெம்போ ஒன்று, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் ரோட்டில் ஏறியது. நான் ஒடித்துத் திருப்பியும் பலிக்கவில்லை. பின்பக்க இடது கதவில் நேராக வந்து மோதிவிட்டது. கதவு அப்படியே உள்ளே அமுங்கிப் போனது.

டெம்போ டிரைவர் இறங்கி ஓடிவந்தார். மம்சாபுரத்துக்காரர். "தப்பு என்னுதுதான் அண்ணாச்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டம் கூடியது. எப்படியோ தகவல் தெரிந்து டெம்போ முதலாளியும் செத்த நேரத்தில் வந்து சேர்ந்தார். எல்லோருமாக வழியிலிருந்த போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம்.

அங்கேதான் நான் என் பெருந்தன்மையைக் காட்டினேன். கதவைச் சரிபண்ணித் தந்துவிடுவதாக முதலாளி சொன்னார். "நமக்குள்ள எதுக்கு கேஸு? பிள்ளகுட்டிக்காரன், போகட்டும் விடுங்க" என்றேன். நாலு பேர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு இனித்தது. ஒரு வெள்ளைத்தாள் வாங்கி நானே எழுதினேன். தினமும் வாசகம் கோர்க்கிற தொழில் அல்லவா, பேனா தானாக ஓடியது. 'மேற்படி விபத்தில் யாருக்கும் யாதொரு காயமும் இல்லை. இருதரப்பும் சமாதானமாகப் போகிறோம். பின்னிட்டு இது சம்பந்தமாக எவ்விதப் புகாரும் செய்யமாட்டோம்.' ஏட்டையா வாங்கிப் படித்துவிட்டு, "எழுத்து முத்து முத்தா இருக்கே" என்றார்.

கையெழுத்துப் போடும் முன், வாசல் பக்கம் சுவரில் சாய்ந்து நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்து, "என்னம்மா, ஒண்ணுமில்லையே?" என்று கேட்டேன். தாளிலிருந்து பேனாவை எடுக்காமலே கேட்டேன். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றாள். அவ்வளவு பேருக்கு நடுவில், ஓசியில் காரில் வந்த பெண் வேறென்ன சொல்வாள்? அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. முதலாளி ஒரு கூடை மாம்பழத்தை டிக்கியில் வைத்தார். அதில் நாலு பழத்தை அவளிடம் கொடுத்து, தெருமுனையில் இறக்கிவிட்டேன். இறங்கி எப்படி நடந்தாள் என்று பார்க்கவில்லை. பழம் நல்ல ருசி என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து, காருக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க ஏஜென்ட் அச்சகத்துக்கு வந்தார். வெடுக்கென்று பேசுகிற மனுஷன். கதவில் புதுப் பெயின்ட்டைப் பார்த்ததும் விசாரித்தார். நான் நடந்ததைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பின்னாடி யாரும் இருந்தாகளா?"

"எங்க தெருப் பிள்ள ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு ஒண்ணுமில்ல."

நான் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே அச்சுக் கோர்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "மில்லுக்குப் போற அந்தக்காவா? மொழங்கால்ல கட்டுப் போட்டு ஒரு மாசமாப் படுத்துக் கெடக்கே. உங்களுக்குத் தெரியாதா?"

ஏஜென்ட் பையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "கதவு உங்களுது, விட்டுக் குடுங்க. காலு அந்தப் பிள்ளையோடதுல்லா? இடிச்ச வண்டி இன்சூரன்ஸ் கம்பெனிதான் வைத்தியத்துக்கும் சம்பளத்துக்கும் பொறுப்பு. அதுக்கு போலீஸ் கேஸ் வேணும். காயமே இல்லன்னு உங்க கையாலயே எழுதிக் குடுத்துட்டு வந்துருக்கீகளே."

மில் பஸ்ஸுக்குப் போக அவள் தினமும் என் அச்சகத்தைத் தாண்டித்தான் போவாள். ஒரு மாதமாக அவள் போகவில்லை என்பதுகூட என் கண்ணில் படவில்லை. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். அந்த மரியாதை என்னைக் கொன்றது. முதலில் எண்ணெய்க்கட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வீக்கம் வடியாமல் மதுரைக்குப் போனால், முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்தால்தான் பழையபடி நிற்க முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள். நிற்க முடியாவிட்டால் ரீலிங்கில் வேலை கிடையாது. அந்த வீட்டில் மாதம் தவறாமல் வருவது அவள் சம்பளம் ஒன்றுதான்.

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். என்ன தைரியத்தில் கேட்டேனோ.

"நீங்கதான் காயமில்லன்னு எழுதிட்டீகளே அண்ணாச்சி. பொறவு காயம் இருக்குன்னு நான் எப்படிச் சொல்ல?" என்றாள். குரலில் கோபம் துளிகூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் கையில் இருந்ததைக் கொடுத்தேன், ஆபரேஷனுக்கு அது போதவில்லை. மறுநாளே ஸ்டேஷனுக்குப் போனேன். நான் எழுதிய தாளையே எடுத்து முன்னால் வைத்தார்கள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலைப் பிடித்து, மனுப் போட்டு, கேஸ் பதிவாகவே மாதக்கணக்கானது. நஷ்டஈட்டு வழக்கு அதற்குப் பின்னால். எதிர்த்தரப்பான டெம்போ முதலாளியும் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியும் வேறெதையும் தேடவில்லை. என் கடிதம் ஒன்றே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

சாட்சிக் கூண்டில் நான் ஏறிய நாள் இன்றும் கண்ணில் நிற்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் கடிதத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். நான் கோர்த்த ஒவ்வொரு வார்த்தையும் என் முகத்தில் வந்து விழுந்தது.

"யாரும் மிரட்டி எழுத வச்சாங்களா?"

"இல்ல."

"அப்ப அன்னைக்கு எழுதினது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்கு எழுதினதுதான்யா பொய். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு நான் பாக்கல. நாலு பேர் என்னை நல்லவன்னு சொல்லணும்னு பாக்காமலே எழுதிட்டேன்."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் இறங்கினேன். அடுத்து அந்த டெம்போ டிரைவரைக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்புதான் அவரைச் சாட்சியாகப் போட்டிருந்தது. காயமில்லை என்று அவரும் ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு அத்தோடு முடிந்தது. முதலாளி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் முதலாளியை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜட்ஜைப் பார்த்துச் சொன்னார். "அந்தக்கா இடிபட்ட பக்கக் கதவு தொறக்க முடியாம, நகந்து நகந்து அந்தப் பக்கமா எறங்குனாகய்யா. ஒரு காலைத் தரையில ஊன முடியல, கதவப் பிடிச்சிக்கிட்டே நின்னாக. நான் பாத்தேன். அண்ணாச்சி எழுதிக் குடுக்கவும் தப்பிச்சோம்னு வாயப் பொத்திக்கிட்டேன்."

இடித்தவன் பார்த்திருக்கிறான். அவளைக் கூட்டி வந்த நான் பார்க்கவில்லை. அந்தச் சாட்சிக்குப் பிறகு அவருக்கு அந்த டெம்போவில் வேலை இல்லை என்று கேள்விப்பட்டேன்.

தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வந்தது. ஆனால் அதற்குள் மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். காலம் கடந்து செய்ததால் முட்டி முழுதாக மடங்கவில்லை. மில் வேலை போனது போனதுதான். வீட்டில் உட்கார்ந்தபடி, ஊரிலுள்ள கம்பெனிகளுக்குப் பேண்டேஜ் துணி சுருட்டிக் கொடுத்துப் பிழைத்தாள்.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் படியில் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க வந்து உண்மையச் சொல்லலேன்னா எங்களுக்கு ஏது அண்ணாச்சி இதெல்லாம்? ஒங்கள மறக்கவே மாட்டோம்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

தப்பு என்னுடையது என்று ஜட்ஜிடம் சொன்னேன், வக்கீலிடம் சொன்னேன், இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். அவளிடம் மட்டும் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதுதான் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு ஆறாமல் இருக்கிறது.